உரிப்பொருள் மட்டும் போதுமா? 'அடையாளத் தேடல்' என்னும் சோம்பற்சொல்லும் வேல்ஸ் நாடகங்களும்

1

வேல்ஸ் நாட்டு இளையோரைப் பற்றிய நாடகம் எதுவாயினும், அதைக் குறித்த மதிப்புரையில் ஒரு தொடர் தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. 'தம் அடையாளத்தையும் தமக்கென்று ஓர் இடத்தையும் தேடி அலையும் பதின்பருவத்தினரின் கதை' என்பதே அத்தொடர். அரங்கின் விளம்பரத் தாளில் தொடங்கி, நாளிதழ் விமர்சனம் வழியாகப் பல்கலைக்கழக ஆய்வுரை வரை அது பயணம் செய்கிறது. அங்கிருந்து தமிழுக்கும் வந்துசேர்கிறது. அயல்நாட்டு நாடகங்களைப் பற்றி நம்மவர் எழுதும் அறிமுகக் கட்டுரைகளில் 'அடையாளத் தேடல்' கறிவேப்பிலையைப் போல எல்லாக் குழம்பிலும் மிதக்கிறது. தமிழ்த் துறைகளுக்கு மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வுத் தலைப்புகளிலும் இச்சொல்லுக்குக் குறைவில்லை.

இச்சொல்லை நான் எதிர்க்கிறேன். தேடல் என்றவுடன் தேடுபவர் ஒருவர் கண்முன் வருகிறார். பொருளைத் தொலைத்தவரும் அவரே என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. பிறர் பறித்துக்கொண்டதால் இல்லாமற்போன ஒன்றையும், பெரியவர்கள் கையளிக்காமல் விட்டதால் வந்துசேராத ஒன்றையும், பதினேழு வயதுப் பிள்ளையின் மனக்குழப்பமாக இச்சொல் மாற்றிக் காட்டுகிறது. கணக்குக் கேட்கப்பட வேண்டியவர்கள் அரங்கின் பின்வரிசை வழியாக நழுவிப் போய்விடுகிறார்கள். ஆகவே இதைச் சொற்குற்றம் என்று மன்னித்துவிட முடியாது. பொருட்குற்றம் என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இதை விளக்க அயற்கோட்பாடு எதுவும் வேண்டா. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மரமும் மாவும் உணவும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். 'அடையாளத் தேடல்' என்று எழுதுகிறவர் உரியை மட்டும் உருவிக்கொண்டு நிலத்தையும் தொழிலையும் கழித்துவிடுகிறார். மூன்றனுள் உரியே சிறந்தது என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறாரே, முதலும் கருவும் இன்றி உரி மட்டும் அமைந்த சங்கப் பாடல்களும் உண்டே என்று என்னை மடக்கலாம். உண்மைதான். ஆனால் புலவன் நிலத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. புலவன் சொல்லியிருக்கும் நிலத்தை உரைகாரன் அழித்துவிடுவது வேறு. இங்கே நடப்பது இரண்டாவது.

2

எட் தாமஸ் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் அமெரிக்கா' 1988இல் மேடையேறியது. தாமஸ், தெற்கு வேல்ஸில் ஸ்வான்சீ பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலுள்ள அபர்க்ராவ் ஊரைச் சேர்ந்தவர். 1913இல் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தனர். அவ்வாண்டில் வெட்டியெடுக்கப்பட்ட கரி ஏறத்தாழ ஐந்தே முக்கால் கோடி டன். 1984 மார்ச்சில் தொடங்கிய மாபெரும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. அதன்பின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்த மூன்று, நான்கு ஆண்டுகளின் நாடகம் இது.

வீட்டில் ஒரு தாய். சிட், குவென்னி, போயோ என்று மூன்று பிள்ளைகள். பள்ளி வயது கடந்தும் வாழ்க்கை தொடங்காத பிள்ளைகள். தந்தை அமெரிக்காவுக்குப் போய்விட்டார் என்று சொல்லித் தாய் அவர்களை வளர்த்திருக்கிறாள். வீட்டை நோக்கி ஒரு திறந்தவெளிச் சுரங்கம் நெருங்கி வருகிறது. சிட்டின் கனவெல்லாம் அமெரிக்கா. ஜாக் கெரவாக்கின் 'ஆன் த ரோடு' (1957) நாவலின் மயக்கத்தில் அவன் கெரவாக்காகவும், தங்கை குவென்னி கெரவாக்கின் காதலி ஜாய்ஸாகவும் பாவனை செய்கிறார்கள். பாவனை முற்றி, அண்ணன் தங்கை என்ற வரம்பே அழிந்துபோகிறது. தந்தையோ அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. தாய் அவனைக் கொன்று புதைத்திருக்கிறாள். சுரங்க இயந்திரம் தோண்டிக்கொண்டு வருவது அந்த மண்ணை நோக்கித்தான்.

இதை 'அமெரிக்கப் பண்பாட்டின் தாக்கத்தில் தம் வேல்ஸ் அடையாளத்தைத் தேடும் இளைஞர்கள்' என்று சுருக்கினால் என்ன மிஞ்சுகிறது? சிட்டும் குவென்னியும் எதையும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு பொய். அப்பொய்யின் பெயர் அமெரிக்கா. அதை நம்பினார்கள், நம்பியபடியே நடந்துகொண்டார்கள். தாயின் சொல்லைத் தட்டாத பிள்ளைகள் என்றுகூட அவர்களைச் சொல்லலாம். கெரவாக் அவ்வீட்டுக்குள் நுழைந்தது, அவ்வீட்டின் சொந்தக் கதை மண்ணுக்கடியில் கிடந்ததால்தான்.

முதற்பொருளின் வலிமையை இங்கே காண வேண்டும். திறந்தவெளிச் சுரங்கம் இந்நாடகத்தில் பின்திரை ஓவியமாக நிற்கவில்லை. கதையை நகர்த்தும் விசையே அதுதான். ஆழ்சுரங்கம் ஊர் முழுவதற்கும் வேலை கொடுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு இயந்திரம் போதும், ஆட்கள் மிகுதியாக வேண்டா. வாழ்வு கொடுத்த தொழில் போய், மண்ணை மட்டும் சுரண்டும் தொழில் வந்த நேரத்தில் ஒரு குடும்பத்தின் பொய் வெளிப்படுகிறது. சுரங்கத்தை நீக்கிவிட்டால் தாயின் அச்சம் இல்லை. தாயின் அச்சம் இல்லையேல் நாடகமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாடகத்தை மார்க் எவன்ஸ் 1997இல் திரைப்படமாக்கினார். அதற்கு இசையமைத்தவர் ஜான் கேல். நிலக்கரிப் பூமியான அமன் பள்ளத்தாக்கின் கார்னன்ட் ஊரில் 1942இல் பிறந்து, வெல்ஷ் மொழி மட்டுமே பேசி வளர்ந்து, பின் நியூயார்க் சென்று லூ ரீடுடன் சேர்ந்து 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவை உருவாக்கியவர். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து உண்மையாகவே அமெரிக்கா போன ஒரு மனிதர் இருந்தார். ஆக, அமெரிக்கக் கனவு கண்டதை சிட்டின் குற்றமாகச் சொல்ல முடியாது. புறப்படுவதற்கு ஒருவனுக்குக் காலூன்றிய இடம் ஒன்று வேண்டும். அது சிட்டுக்கு வாய்க்கவில்லை.

3

ஒரு தாய் ஏன் பொய் சொல்கிறாள் என்பதைத் தனிமனித உளவியலாக மட்டும் பார்ப்பவர்கள் வேல்ஸின் பள்ளிக்கூட வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

வேல்ஸின் கல்வி நிலை குறித்து 1847இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட அறிக்கைகளுக்கு நீல அட்டை. ஆய்வு செய்த ஆணையர் மூவரும் ஆங்கிலேயர், வெல்ஷ் அறியாதவர். பிள்ளைகளின் மொழியே அவர்களுடைய பின்தங்கலுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்ததோடு, வேல்ஸ் மக்களின், குறிப்பாகப் பெண்களின், ஒழுக்கத்தையும் அவை பழித்தன. இவ்வாய்வு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவரோ வேல்ஸில் பிறந்த ஓர் உறுப்பினர். இந்நிகழ்வு இன்று 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வழங்கப்படுகிறது. அப்பெயரைத் தந்தது ஒரு நாடகம் என்பதை நம் நாடக ஆர்வலர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆர். ஜே. டெர்வெல் 1854இல் வெளியிட்ட நாடகத்தின் தலைப்பே அது. வேல்ஸில் நாடகம் அவமானத்துக்குப் பெயரிடும் வேலையை அப்போதே செய்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் பலவற்றில் 'வெல்ஷ் நாட்' என்ற தண்டனை முறை இருந்தது. வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும் வேளையில் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. இதற்கென்று அரசாணை எதுவும் இருந்ததில்லை. பெற்றோர் பலர் இதை ஏற்றுக்கொண்டனர். பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று அவர்கள் நினைத்ததில் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? 1901 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினர். 2021இல் அது 17.8 விழுக்காடு. 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடையே 2011இல் 40.3 ஆக இருந்த விழுக்காடு 2021இல் 34.3 ஆகக் குறைந்தது.

'உன் நன்மைக்காகத்தான்' என்று சொல்லி மறைக்கப்பட்டவற்றின் நீண்ட வரிசையில் எட் தாமஸின் தாய்ப் பாத்திரமும் நிற்கிறாள். அவள் மறைத்தது ஒரு பிணத்தை. அவளுக்கு முந்தைய தலைமுறைகள் மறைத்தது ஒரு மொழியை. இரண்டிலும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தில் பிள்ளை தடுமாறினால் அதற்கு 'அடையாளத் தேடல்' என்று பெயர் சூட்டுவது, குருடாக்கிய பின் கைத்தடியைப் பற்றிக் கவிதை பாடுவது போன்றது.

4

இதே வாதத்தை மறுபுறமிருந்து நிறுவுகிறது டிம் பிரைஸ் எழுதிய 'த ராடிகலைசேஷன் ஆஃப் பிராட்லி மேனிங்'. நேஷனல் தியேட்டர் வேல்ஸ் 2012இல் இதை மேடையேற்றியது. அமெரிக்க இராணுவத்தின் இரகசிய ஆவணங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்ததற்காக 2010இல் கைதான செல்சி மேனிங்கைப் பற்றியது. தன் பெயர் செல்சி என்று அவர் அறிவித்தது 2013 ஆகஸ்டில். ஆகவே நாடகத்தின் தலைப்பில் பழைய பெயரே உள்ளது. மேனிங்கின் தாய் வேல்ஸ்காரர். பெற்றோர் பிரிந்தபின், 2001இல், பதின்மூன்று வயதில் தாயோடு மேற்கு வேல்ஸின் ஹேவர்ஃபர்ட்வெஸ்ட் ஊருக்கு வந்து, 2005 வரை அங்கே டாஸ்கர் மில்வர்ட் பள்ளியில் படித்தார். நாடகம் முதலில் நிகழ்த்தப்பட்டது அதே பள்ளியில்தான்.

நடிகர்கள் அனைவரும் மாறி மாறி மேனிங்காக நடிக்கிறார்கள். ஈராக், சிறை, வேல்ஸ் வகுப்பறை என்று காட்சிகள் முன்பின்னாகப் பாய்கின்றன. வகுப்பறையில் வேல்ஸின் கிளர்ச்சி வரலாறு பாடமாகிறது. 1831இல் மெர்த்தர் தொழிலாளர் எழுச்சி ஒடுக்கப்பட்டு, டிக் பெண்டெரின் என்று அழைக்கப்பட்ட இளம் தொழிலாளி கார்டிஃபில் தூக்கிலிடப்பட்ட வரலாறு அது. 1839 நவம்பரில் நியூபோர்ட்டில் வாக்குரிமை கேட்டு வந்த சாசன இயக்கத்தினர் மீது படையினர் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வரலாறு. அதே 1839இல், மேனிங் படித்த மேற்கு வேல்ஸ் நிலப்பரப்பில், விவசாயிகள் பெண்ணுடை தரித்து, 'ரெபேக்கா'வின் மகள்கள் என்று பெயர் பூண்டு, சுங்கச் சாவடிகளை உடைக்கத் தொடங்கிய வரலாறும் அம்மண்ணுக்கு உண்டு.

இந்நாடகத்தையும் 'தன் பாலடையாளத்தைத் தேடும் தனித்த சிறார் ஒருவரின் கதை' என்று சுருக்கியவர்கள் உண்டு. அப்படிச் சுருக்குகிறவர்கள் அந்த வகுப்பறை ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பேச்சு வழக்கும் பிறந்த ஊரும் அன்னியமான, கேலிக்கு ஆளான ஒரு பிள்ளைக்கு, 'அதிகாரத்தை எதிர்த்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள், அவர்களுக்கு நேர்ந்தது இது' என்று ஓர் ஆசிரியர் சொல்கிறார். பிற்காலத்தில் மேனிங் செய்ததற்கு அவ்வகுப்பே காரணம் என்று வரலாற்றாசிரியன் நிறுவ முடியாது. நாடகாசிரியன் அதை ஓர் ஊகமாகத்தான் முன்வைக்கிறான். ஆனால் அந்த ஊகத்தின் உள்ளே ஒரு திடமான கருத்து இருக்கிறது. அடையாளம் என்பது ஒரு பிள்ளை தன் நெஞ்சுக்குள் துழாவி எடுப்பதன்று. பெரியவர் ஒருவர் கையில் கொடுப்பது. கொடுத்தபின் அதை வைத்து என்ன செய்வது என்பது பிள்ளையின் உரிமை. சிட்டுக்குக் கொடுக்கப்பட்டது பொய். மேனிங் பாத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது உண்மை. இரு நாடகங்களுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே.

5

நாடக மேடைக்கு வெளியே இச்சொல் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 2007, 2008 ஆண்டுகளில் தெற்கு வேல்ஸின் பிரிஜெண்ட் பகுதியில் இளையோர் பலர் அடுத்தடுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். செய்தியாளர்கள் கூட்டமாக வந்து இறங்கினர். 'வழி தொலைத்த தலைமுறை' என்ற தொனியில் எழுதித் தள்ளினர். ஊரின் பெயரே ஒரு நோயின் பெயராயிற்று. அவ்வூரில் வளர்ந்த கேரி ஓவன் 2010இல் 'லவ் ஸ்டீல்ஸ் அஸ் ஃப்ரம் லோன்லினெஸ்' என்ற நாடகத்தை எழுதினார். பிரிஜெண்டிலேயே, ஓர் இரவு விடுதியில் அது நிகழ்த்தப்பட்டது. செய்தித்தாள் எழுதிய கதையை அவர் திருப்பி எழுதவில்லை. குடித்துவிட்டு வீடு திரும்பும் இளையோரின் காதல், சண்டை, ஓர் இழப்பு, இழப்புக்குப் பின்னும் அதே ஊரில் தொடரும் வாழ்க்கை. ஊரை ஒரு நோய்க்குறியாகக் காட்டாமல் ஊராகக் காட்டினார். அந்த எளிய செயலே எதிர்ப்பாக இருந்தது. நண்பர்களே, இதற்கும் 'அடையாளத் தேடல்' என்றா பெயர் வைப்பது?

6

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, உலகப் பொதுமை. பதின்பருவத் தவிப்பு எங்கும் ஒன்றே. அதனால்தான் வேல்ஸ் நாடகம் தமிழ் வாசகனைத் தொடுகிறது என்பார்கள். நான் ஒப்பவில்லை. என்னைத் தொடுவது, வீட்டை நெருங்கும் சுரங்க இயந்திரமும் கழுத்தில் தொங்கிய மரத்துண்டும். அவற்றின் அயன்மையை அப்படியே வைத்துக்கொண்டுதான் நான் அவற்றிடம் நெருங்க முடிகிறது. எல்லா ஊருக்கும் பொருந்தும் கதை எந்த ஊரிலும் நடந்ததாக இராது.

இரண்டாவது, எதிர்த்திசையிலிருந்து வருவது. மொழியை மீட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் வாதம். தமிழாசிரியருக்கு இது இனிக்கும். ஆயினும் ஏற்க இயலவில்லை. வெல்ஷ் பேசாத ஐந்தில் நான்கு பங்கினரை 'அடையாளம் அற்றவர்' என்று ஒதுக்குவதும் அதே பழிச்சொல்லின் மறுபதிப்புதான். தாமஸும் ஓவனும் பிரைஸும் மேற்சொன்ன நாடகங்களை எழுதியது ஆங்கிலத்தில். மொழி கையிலிருப்பவர்களுக்கும் இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. டாவித் ஜேம்ஸ் வெல்ஷில் எழுதிய 'ல்வித்' (2010), கார்டிஃபில் வெல்ஷ் பேசும் ஒருபாலீர்ப்பு நண்பர்களின் கதை. 'இனக்குழு' என்று பொருள்படும் அத்தலைப்பே ஒரு கேள்வி. மொழிக்குள் இருந்துகொண்டே, அம்மொழிச் சமூகம் தமக்கு எவ்வளவு இடம் தருகிறது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

7

இறுதியாகப் பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இலக்கியக் கட்டுரையில் பணம் பேசுவது நாகரிகமன்று என்று கருதுவோர் இப்பகுதியைக் கடந்து செல்லலாம்.

ஒரு காலத்தில் வேல்ஸின் எட்டு மாவட்டங்களுக்கும் பள்ளிகளுக்கு நாடகம் கொண்டுசெல்லும் குழுக்கள் இருந்தன. 2010இல் வேல்ஸ் கலைக் கழகம் முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குத் தொடர் நிதியை நிறுத்த முடிவு செய்தது. அக்குழுக்களில் தியேட்டர் பொவிஸும் குவென்ட் தியேட்டரும் அப்பட்டியலில் இருந்தன. மேனிங் நாடகத்தை மேடையேற்றிய நேஷனல் தியேட்டர் வேல்ஸ், 2023இல் அதே கழகத்தின் நிதியை இழந்து, 2024இன் இறுதியோடு தேசிய நாடகக் குழுவாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. நடிகர் மைக்கேல் ஷீன் 2025 ஜனவரியில் புதிதாக ஒரு தேசிய நாடக அமைப்பை அறிவித்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் ஒரு தனிமனிதரின் புகழைச் சார்ந்து ஒரு நாட்டின் அரங்கு நிற்க வேண்டியிருப்பது நற்செய்தியன்று. மேனிங் நாடகம் நிகழ்ந்த டாஸ்கர் மில்வர்ட் பள்ளியும் 2018இல் வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டு, அப்பெயரில் இல்லாமற்போயிற்று.

'இளையோர் தம் அடையாளத்தைத் தேடுகிறார்கள்' என்ற வாசகம் நிதி விண்ணப்பத்திலும் அழகாக இருக்கும்; நிதி மறுப்புக் கடிதத்திலும் உறுத்தாது. எவரையும் குற்றம் சாட்டாத சொல் எவருக்கும் வசதியானது. 'இந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் மறைத்தது எது, எடுத்துக்கொண்டது எது' என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியை எந்த விண்ணப்பப் படிவத்திலும் நிரப்ப இடமிராது.

அயல்நாட்டு நாடகம் குறித்துத் தமிழில் எழுதுவோரிடமும் மொழிபெயர்ப்போரிடமும் என் வேண்டுகோள் சிறியது. 'அடையாளத் தேடல்' என்று எழுதக் கை போகும்போது ஒரு கணம் நிறுத்தி மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது எந்த நிலம்? அங்கே என்ன தொழில் இருந்தது, அது எப்போது போயிற்று? இப்பிள்ளைகளுக்கு யார், எதைச் சொல்லாமல் விட்டார்கள்? மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால், அந்தச் சொல் தேவைப்படாது என்பது என் துணிபு. விடை தெரியாவிட்டால், நாடகத்தை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதலாம். அவசரம் ஒன்றும் இல்லை.